லுவானாவின் சொல்லாத வேண்டுதல்

பிரான்ஸம் பள்ளத்தாக்கில் லுவானா ஸ்லோனுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபது வருஷமாகக் கரண்டி பிடிப்பவள். அந்தக் காலத்தில் தட்டில் பீன்ஸை மிச்சம் வைத்த பையன் இன்று போலீஸ்காரனாக இருந்தாலும், அவளைக் கண்டால் தானாக வாயைத் துடைத்துக்கொள்வான். அப்பேர்ப்பட்டவள் அந்த வாரம் முழுக்க ஒரு தொலைபேசியிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

காரணம் அவள் தம்பி டெல்பர்ட். கூரை போடும் வேலைக்காரன். மேலேயிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபோது டாக்டர் கொடுத்த வலி மாத்திரை, இடுப்பு சேர்ந்த பிறகும் அவனை விடவில்லை. மாத்திரை கிடைக்காமல் போனபோது ஊசிக்குப் போனான். போன மாதம் அவன் கூட்டாளி ஒருவனைப் புதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"விட்டுடறேன்க்கா. ஆனா தனியா முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கயாவது ஒரு இடம் பாரு. அதுக்கு மேல என்னை நானே நம்பமாட்டேன்."

அவனைச் சோபாவில் படுக்கப் போட்டு, மூன்று போர்வையைப் போர்த்திவிட்டு, அவள் போனை எடுத்தாள்.

நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் கடலும் தென்னை மரமுமாக ஒரு எண் இருந்தது. எடுத்தவன் குரலில் தேன் வழிந்தது. "கவலையே படாதீங்கம்மா, உங்க தம்பி எங்க தம்பி! நாளைக்கே விமானம் ஏத்திடலாம். கடலைப் பாத்த ரூமு. ஆமா, இன்ஷூரன்ஸ் என்ன வச்சிருக்காரு?"

"மெடிக்கல் கார்டு."

ஏழைபாழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அந்தக் கார்டின் பெயரைக் கேட்டதும் தேன் உறைந்துவிட்டது. "அப்படியா..." என்றான். லைன் செத்துப்போனது. லுவானா திரும்பக் கூப்பிட்டு, அவனுக்கும் அவன் தென்னை மரத்துக்கும் சேர்த்து நாலு வார்த்தை கொடுத்தாள். அதைக் கேட்டது பதிவு இயந்திரம்தான்.

அடுத்த இடத்தில் ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்களாம். அதற்கடுத்த இடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு எந்நேரமும் பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. புதன்கிழமை ஒரு வழியாகக் கார்டு வாங்குகிற ஒரு பெரிய இடம் அகப்பட்டது. அங்கிருந்த பெண் நிதானமாகக் கேட்டாள்.

"கடைசியா எப்ப எடுத்தார்?"

"ஞாயித்துக்கிழமை. மூணு நாளா பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்கான்," என்றாள் லுவானா, பெருமையாக.

"அடடா. மூணு நாள் தாண்டிட்டாரா? அப்ப எங்க சட்டப்படி அவருக்குப் படுக்கை குடுக்க முடியாதும்மா. நிலைமை அவ்வளவு மோசமில்லையே."

போர்வைக் குவியலுக்குள்ளிருந்து டெல்பர்ட் தலையை நீட்டினான். பல் கிடுகிடுத்தது. "நான் ரொம்ப நல்லவனாயிட்டேன்னு சொல்றாளா? அஞ்சு நிமிஷம் பொறுக்கச் சொல்லுக்கா, போய்ச் சரி பண்ணிட்டு வந்துடறேன்."

"எந்திரிச்சே, அந்த இடுப்பை மறுபடி உடைச்சிடுவேன்," என்றாள் லுவானா. சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் அவன் செருப்பு இரண்டையும் எடுத்துத் தன் காரில் வைத்துப் பூட்டிக்கொண்டுதான் அன்று சாயங்கால ஜெபக் கூட்டத்துக்குப் போனாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரை, மூட்டுவலி, கன்று போடாத மாடு என்றால் எழுந்து வாயைத் திறந்து சொல்லலாம். வெளியில் சொல்ல வெட்கமான காரியமென்றால் கையைத் தூக்கி, "சொல்லாத வேண்டுதல்" என்றால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்கக்கூடாது. வாசலுக்கு வெளியே போய் ஊகிக்கலாம், அதற்குத் தடையில்லை. லுவானாவின் சொல்லாத வேண்டுதல் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அது பித்தப்பைக் கல் என்று ஊர் முடிவுகட்டி, எண்ணெயைக் குறை என்று அவளுக்கே புத்தி சொல்லியும் ஆயிற்று.

அன்று பாஸ்டர் எம்மெட் வழக்கம்போல, "சொல்லாத வேண்டுதல்கள்?" என்றார். பாதிக் கூட்டம் கை தூக்கியது. லுவானாவும் தூக்கினாள். தூக்கிய கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னுது இன்னிக்கு சொல்ற வேண்டுதல். என் தம்பி போதை மருந்துல கிடக்கான். விடணும்னு துடிக்கிறான். மெடிக்கல் கார்டு வாங்கற இடம் ஒண்ணு வேணும். கடவுளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

பாஸ்டர் பதறிப்போய்ப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து ஓய்வுபெற்ற சுரங்கக்காரர் ஹோபர்ட் தொண்டையைச் செருமினார்.

"பாலத்தடியில இருக்கற வைத்திய இடத்துக்கு மட்டும் அனுப்பிடாதே. என் மருமகன் போனான். காப்பியா அது, கழுநீர்."

"காப்பி குடிக்கவா அங்க போறாங்க?" என்றாள் முன்வரிசைக்காரி. "எங்க பொண்ணு அங்கதான் தேறினா."

"உன் பொண்ணா? அவ அலாஸ்காவுல வேலையா இருந்தான்னியே!"

"பாலத்தடியிலதான் இருந்தா. போதுமா?"

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டது. எந்த இடத்தில் கார்டு வாங்குவார்கள், எங்கே இழுத்தடிப்பார்கள், எந்த டாக்டர் முகம்பார்த்துப் பேசுவார் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கை தூக்கியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் அதை நினைத்தால் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வருகிறது.

பியானோவை மூடிவிட்டு ஓனீடா எழுந்தாள். எழுபதை நெருங்கியவள், குரல் உயர்த்தியே அறியாதவள்.

"படுக்கையெல்லாம் வேணாம் லுவானா. தீவனக் கடைக்குப் பின்னாடி, மாடியில ஒரு கிளினிக் இருக்கு. போர்டு இருக்காது, ஊர்க்காரங்க கல்லெறிவாங்கன்னு வைக்கல. போதை ஏக்கம் அடங்க நாக்குக்கு அடியில வைக்கற மருந்து தராங்க, வாரா வாரம் போய்ப் பேசிட்டு வரணும். கார்டு போதும். வியாழக்கிழமை முன்கூட்டிச் சொல்லாமலே போகலாம்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"முட்டி ஆபரேஷனுக்குக் குடுத்த மாத்திரை," என்றாள் ஓனீடா. "நான் மூணு வருஷமா போறேன்."

பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

தீவனக் கடையை லுவானா தினம் இரண்டு தடவை கடப்பவள். அந்த மாடியை வரி ஆபீஸ் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் டெல்பர்ட் படியேறினான். பாதியில் நின்று, "தெரிஞ்சவங்க யாராவது பாத்துட்டா?" என்றான்.

"பாத்தா, அவனும் மருந்துக்குத்தான் வந்திருப்பான். ஏறுடா."

கவுண்டரில் ஒரு சின்னப் பெண் கார்டை வாங்கி, எண்ணைத் தட்டி, திருப்பிக் கொடுத்தாள். லுவானா இடுப்பில் கைவைத்துச் சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"சரியா இருக்கு. உக்காரச் சொல்லுங்க, டாக்டர் கூப்பிடுவார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

இரண்டு வருஷமாக அழாதவள் அந்தக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்தப் பெண் பயந்துபோய் எழுந்தாள். "ஐயோ, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா... இத்தனை பேரைக் கேட்டேன். உக்காரச் சொல்லுன்னு நீதான் சொல்லியிருக்கே."

டெல்பர்ட் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் மடியில் போட்டுவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்தான்.

"வாயை மூடுக்கா. நீதான் நோயாளின்னு கூப்பிட்டுடப் போறாங்க."

உள்ளிருந்து யாரோ, "டெல்பர்ட் ஸ்லோன்," என்று கூப்பிட்டார்கள். அக்கா தள்ளிவிடும் முன்பே அவன் எழுந்துவிட்டான்.