கறுப்புக் காரும் சுறா எண்ணெயும்

உப்புத்தாளைத் தகரத்தில் தேய்க்கும்போது ‘சரக் சரக்’கென்று எழும் ஓசையைக் கேட்டால் எனக்கு இன்றும் பல் கூசும், கூடவே மண்ணெண்ணெய் வாசனையும் மூக்கில் ஏறிவிடும். ஐம்பதுகளின் நடுவில், செங்கற்பட்டில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஓசையோடுதான் விடியும். மற்ற வீட்டு அம்மாக்கள் அரிசி களைந்துகொண்டிருக்கும் நேரத்தில், எங்கள் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசல் மரத்தடியில் நிற்கும் அப்பாவின் கறுப்புக் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பா டாக்டர். நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்த அந்தக் கைக்கு ஒரு திருகாணியைத் திருகத் தெரியாது. போருக்கு முந்தைய காலத்துக் காரை அவர் தேடிப்பிடித்து வாங்கியதே வியாழக்கிழமைகளுக்காகத்தான். வியாழன்தோறும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து மணல் பாதையில் வடக்கே இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவார். அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது, வேறு டாக்டரும் கிடையாது. ஆகவே காரில் துரு தெரிந்தால் எங்கள் வீட்டில் அது வெறும் அழகுச் சமாசாரம் அல்ல. ‘ஒர்க்‌ஷாப்’ மேஸ்திரி ஒருநாள் கதவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு மழை தாங்குனா பெரிசு சார். அப்பால இத வச்சிக்கினு ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டார். கார் போனால் வியாழக்கிழமையும் போய்விடும். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே அம்மா தானாகப் போய் உப்புத்தாள் வாங்கிவந்தாள்.

அம்மாவுக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் செய்ததை ஒருமுறை பார்த்திருந்தாள், அவ்வளவுதான். மிளகு அளவு துருவானாலும் விடமாட்டாள். சுற்றியிருக்கும் நல்ல பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்று, பழைய காலண்டர் அட்டையில் ஓட்டை போட்டு, அதைத் துருவின்மேல் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்ப்பாள். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, கம்பிக்கு முதல் பூச்சாக அடிக்கிற சிவப்புப் பெயிண்டைத் தீக்குச்சியில் சுற்றிய பஞ்சால் தொட்டு வைப்பாள். அது இரண்டு நாள் காய்ந்தபிறகுதான் மேலே கறுப்பு. “கொஞ்சமா இருக்கும்போதே கிள்ளிப் போட்டுடணும்” என்பாள், துருவையோ என் வாயாடித்தனத்தையோ பார்த்து.

ஒருமுறை சிவப்பு நன்றாகக் காய்வதற்குள் குப்பத்திலிருந்து அவசரமாக ஆள் வர, அப்பா வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது காரின் முகப்பில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. “டாக்டரு வண்டிக்கே அம்மை பூத்துகீது” என்று குப்பத்துப் பெண்கள் வைத்து அனுப்பினார்களாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. போன வாரம் கறுப்பு அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே முளைத்திருந்த புதுத் துருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தாள். கூரையில் துரு ஒன்றுகூட இல்லை. எல்லாமே கையெட்டும் உயரத்துக்குக் கீழே, கதவின் ஓரத்தில், தண்ணீர் வழிந்து தங்குகிற இடங்களில். முன்விளக்கின் வளையத்துக்கு அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“காத்துல வர்ற உப்புன்னா கூரையிலயும் இருக்கணும். யாரோ கடல் தண்ணிய ஊத்திக் கழுவுறாங்க. இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

அப்பா திருதிருவென்று விழித்தார். பிறகு ஒத்துக்கொண்டார்.

“தெரியும். அந்த அஞ்சலைதான். பிரசவத்துல அவளும் குழந்தையும் பிழைச்சதுலேருந்து, வாராவாரம் நான் எல்லாரையும் பார்த்து முடிக்கிறதுக்குள்ள வண்டிய கழுவி வச்சிடறா. அதுதான் அவ எனக்குச் செய்யறது. அதையும் வேணாம்னு எந்த வாயால சொல்றது?”

“நான் சொல்றேன்” என்றாள் அம்மா.

அடுத்த வியாழக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு அம்மா காரில் உட்கார்ந்தாள். வழி நெடுக அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அஞ்சலை தொலைந்தாள் என்றே நினைத்தேன்.

குப்பத்தில் அப்பா உள்ளே போனதும் அஞ்சலை வந்துவிட்டாள். குழந்தையை மணலில் உட்காரவைத்துவிட்டு, கடலுக்கும் காருக்கும் நாலு நடை நடந்து, தண்ணீரை ஊற்றி, தன் முந்தானையாலேயே கதவைத் துடைத்தாள். “இன்னா டாக்டரம்மா, வண்டி கண்ணாடி மாரி கீதா?” என்று கேட்டாள். நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லவும் வழியில்லை. குடிக்கிற தண்ணீரையே பெண்கள் தூரத்திலிருந்து மணலில் கால் புதையப் புதையச் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். அம்மா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு வேறு ஏதோ கேட்டாள்.

“உங்க படகு ஆணியெல்லாம் துருப்பிடிக்காதா?”

“எங்க படகுல ஏதும்மா ஆணி? கவுறு போட்டுத் தச்சது. கத்தி, கொக்கிதான் துருப்பிடிக்கும். அதுக்கு சுறா எண்ண தடவிடுவோம். வண்டிக்குக்கூட தடவலாம். நாத்தம் தாங்கமாட்டீங்கன்னு வுட்டுட்டேன்.”

அம்மா ஓதுவார் வீட்டுப் பெண். தெருவில் மீன் கூடை போனால் ஜன்னலைச் சாத்துகிறவள்.

“தடவு” என்றாள். “அடியிலயும் நல்லா தடவு. ஆனா ஒண்ணு, இனிமே தண்ணி ஊத்தாதே. எண்ணெ போயிடும்.”

அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் எடுக்க ஓடினாள். நீ ஊற்றிய தண்ணீரால்தான் வண்டி கெட்டது என்று அம்மா அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தண்ணீரை நிறுத்தியவள், அஞ்சலையின் கையை வெறுங்கையாக விடவில்லை. எனக்கு அது புரியப் பல வருஷம் ஆயிற்று. புரிந்த நாளிலிருந்து அம்மாவை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, விட்டுப்போன இடங்களில் தன் கையாலேயே சுறா எண்ணெய் தடவினாள். கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். அப்போதும் வாசனை போகாது. “டாக்டர் வூட்ல மீன் கொழம்பா?” என்று பக்கத்து வீட்டம்மாள் சுவருக்கு மேலாகக் கேட்டால், “கொழம்பு இல்ல, காரு” என்று பதில் போகும். மேஸ்திரி சொன்ன இரண்டு மழை போய், அதற்குமேலும் பல மழை போயிற்று. துருவினால் ஒரு வியாழக்கிழமைகூட நின்றதில்லை.

இப்போது நான் படூரில் மகனோடு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். போன மாதம் அவன் காரில் மிளகு அளவு துரு. ஒர்க்‌ஷாப்பில் கதவையே மாற்ற வேண்டும் என்றார்களாம். அவனும் சரியென்று விட்டுவிட்டு வந்தான். குப்பம் இருந்த இடத்தில் ஹோட்டல் மதில் நிற்கிறது. கயிறு போட்டுத் தைத்த படகு ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. பிள்ளை பிழைத்ததற்காக டாக்டரின் காரைக் கழுவுகிறவர்கள் எங்கேயாவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

உப்புத்தாள் ஓசைக்குப் பிறகு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது, கண் மங்கி அப்பா ஓட்டுவதை விட்டபின் அந்தக் காரை விற்ற நாள். வாங்க வந்தவர் குனிந்து, சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்து, “கடற்கரையில ஓடின வண்டின்னாங்க. அடியில ஒரு பொட்டுத் துரு இல்லையே” என்று ஆச்சரியப்பட்டார். பிறகு கையை முகர்ந்து முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, மீன் நாத்தம்?”

ஆயுள் முழுக்க மீனைச் சமையலறைக்குள் விடாத என் அம்மா, அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“அது எங்க வீட்டு வாசனைங்க.”