கை எட்டாத தாழ்ப்பாள்

பித்தளைத் தாழ்ப்பாள் அது. பெரிய மாமா அதைப் புளி போட்டுத் துலக்கித் துலக்கி, அதன் குமிழ் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. துரை பங்களாவின் குசினிக்குப் பின்பக்கம் ஓர் அரைக்கதவு உண்டு. குறுக்கே இரண்டாக வெட்டிய கதவு. மேல்பாதி பகலெல்லாம் திறந்து கிடக்கும். கீழ்ப்பாதி எப்போதும் சாத்தியிருக்கும். தாழ்ப்பாள் அந்தக் கீழ்ப்பாதியில், உள்பக்கமாக, அநேகமாகத் தரையை ஒட்டிப் பதித்திருந்தது. சின்ன வயதில் வெளிப்படியில் உட்கார்ந்து பலகை இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு அப்பால் சிவப்புத் தரையும், இரும்பு அடுப்பின் கால்களும், மாமாவின் கால்களும் தெரியும். அவரை நான் அதிகம் பார்த்தது அந்த இடுக்கு வழியாகத்தான்.

மாமா என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். பூனாகலை போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தின் பெரிய பங்களாவில் அப்பு, அதாவது குசினியின் தலைமைச் சமையல்காரர். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். இரண்டு பேரும் பிறந்தது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரே காம்பராவில். ஆனால் மாமா வாயைத் திறந்தால் ஏதோ கப்பலில் வந்து இறங்கியவர் மாதிரிதான் பேசுவார். "லயத்துச் சனம்" என்பார் எங்களை. வெள்ளைக் கோட்டும் சப்பாத்துமாக அரைக்கதவுக்குப் பின்னால் நின்றால் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரிவார், மேடையில் ஏறி நிற்கும் தலைவரைப் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் கேக்கின் கருகிய ஓரத்தை வெட்டி எங்களுக்குத் தருவார். அதற்கு முன்னால் நானும் தங்கச்சியும் "குட் மோர்னிங் அப்பு" என்று சொல்ல வேண்டும். மாமா என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

தங்கச்சிக்கு அப்போது மூச்சிழுப்பு வரும். ஒரு மழைநாளில் அது முற்றிப்போய், உதடு நீலம் பாரித்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கைவிரித்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். துரையின் ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. அம்மா கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தங்கச்சியை மார்போடு அணைத்தபடி பங்களா மேட்டுக்கு ஓடினாள். பின்னால் நான். அரைக்கதவில் மாமா வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். பதறவில்லை.

"தொர சாப்புட்டு முடிக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

"பச்சப்புள்ள நனையுதுண்ணே. உள்ளயாவது விடுங்க. அடுப்புக்கிட்ட ஒரு ஓரமா நிக்கிறோம்."

"கதவத் தொறந்தா ஊதக்காத்து வந்து கேக் அமுங்கிரும். அதோட சேத்துக்கால். தரைய இப்பத்தான் மெழுகி விட்டுருக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தாழ்வாரத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பு செக்கச்செவேலென்று எரிவது எங்களுக்குத் தெரிந்தது. அதன் சூடு முகத்தில் படும் தூரம்தான். அம்மா தங்கச்சியை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மற்றக் கையைக் கதவுக்கு மேலாக உள்ளே விட்டு, தாழ்ப்பாளைத் தடவினாள். எட்டவில்லை. குதிகாலை உயர்த்தி, கதவின் விளிம்பு விலாவில் குத்தக் குத்தச் சாய்ந்து துழாவினாள். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் விரல்கள் வெறும் காற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. தாழ்ப்பாள் அதற்கும் கீழே பளபளத்துக்கொண்டு கிடந்தது.

துரை சாப்பிட்டார், புடிங்கும் சாப்பிட்டார். அதன் பிறகு ஜீப் கிடைத்தது. தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். ஆனால் நெஞ்சு அதன் பிறகு சரியாகவே இல்லை. இன்றைக்கும் மேடு ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவாள். அம்மா அதற்கப்புறம் பங்களாப் பக்கம் போகவில்லை. அவள் செத்தபோது மாமா சப்பாத்துக் கழற்றாமல் லயத்து வாசலில் நின்றுவிட்டு, துரைக்குத் தேத்தண்ணி நேரமென்று திரும்பிப் போனார். அன்றைக்கு அவரை அடித்திருப்பேன். சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு துரைமார் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் தச்சுவேலை படித்துப் பண்டாரவளையில் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். பங்களாவுக்கு வந்த கடைசி ஆட்கள் குசினியைக் கண்டபடி மாற்றியிருந்தார்கள். சிவப்புத் தரைக்கு மேல் வெள்ளை மாபிள், அடுப்புக்குப் பதில் கேஸ், அரைக்கதவு இருந்த இடத்தில் தகரக் கதவு. அவர்களும் போய் பங்களா பூட்டப்பட்டது. மாமா மட்டும் காவலுக்கென்று, குசினியின் பின்சுவரோடு ஒட்டியிருந்த தன் அறையில் தங்கிவிட்டார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. லயத்துப் பெண் அவருக்கு ஆகாது, பங்களாப் பெண் யார் கொடுப்பார்கள்? அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டு. "இந்தக் காம்பராவுலதான் என் உசுரு போகும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு ஆசை கிடையாது என்பதை என் எரிச்சலையும் மீறி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு முதலாளி பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஹோட்டலாக்குவது திட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தபடியே எல்லாம் இருக்க வேண்டுமாம், முக்கியமாகக் குசினி. வேலையை நடத்த ஒரு ஆர்க்கிடெக்ட் மேடம் வந்தார். மரவேலை என் பட்டறைக்குக் கிடைத்தது. முதல் நாளே மேடம் எல்லோரையும் கூட்டிவைத்து, பழைய பொருள் எதுவோ அதைத் தொடமாட்டோம், பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது எதுவோ அதை அகற்றிவிடுவோம் என்று சொன்னார். முதல் பாதி மட்டும் மாமாவின் காதில் விழுந்தது. கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னை விட ஒரிஜினல் இங்க என்னடா இருக்கு?"

அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை. மாபிளைப் பெயர்த்து அடியில் சிவப்புத் தரை தெரிந்தபோது, முழந்தாளிட்டு அதைக் கோட்டுக் கையால் துடைத்தார். அடைத்துப் பூசியிருந்த புகைபோக்கி எந்த இடம் என்று சுவரைத் தட்டிக் காட்டினார். விறகுக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு அடுப்பை ஆட்கள் சுமந்து வந்தபோது கூடவே நடந்து வந்தார், சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போவதைப் போல. வாய்க்கு வாய் ஒரிஜினல். மேடத்துக்கு அவரைக் கண்டால் சந்தோஷம். கதிரை போட்டு உட்காரவைத்தார். அதில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அரைக்கதவைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. பழைய பலாப் பலகை தேடிப் பிடித்து, அறுத்து, இழைத்துச் சேர்த்தேன். தாழ்ப்பாளை மாமாவே தன் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். தகரக் கதவு போட்ட அன்று கழற்றிப் பத்திரப்படுத்தியதாம். துணியில் சுற்றி வைத்திருந்தார், இன்னும் பளபளப்பு. நான் அதை வழக்கமான உயரத்தில் வைத்துப் பென்சிலால் குறித்தேன். மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"கீழ போடு. இன்னும் கீழ. வெளிய நிக்கிறவன் கை எட்டக்கூடாது. அதுக்குத்தான இந்தக் கதவே."

அம்மாவின் கை அவருக்கு ஞாபகம் இருந்ததா? இருந்திருக்காது. எனக்கு இருந்தது. அவர் சொன்ன இடத்தில், தரையை ஒட்டி, அழுத்தமாகத் திருகாணி போட்டேன். வேலை சுத்தமாக இருந்தது என்று மேடம் பாராட்டினார்.

அதற்கடுத்த வாரம் மேடம் பின்முற்றத்தைப் பார்க்க வந்தார். குசினிச் சுவரோடு ஒட்டியிருந்த மாமாவின் அறையைச் சுற்றி நடந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். இதுவும் வெள்ளைக்காரன் கட்டியதுதானா என்று கேட்டார். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குசினியும் அறையும் ஒரே நிறத்தில் சுண்ணாம்பு அடித்து, ஒரே வயசு மாதிரித்தான் இருந்தன. மேடத்துக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் பெருமை அடிக்க ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டதே! மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"நோ மேடம், நோ. திஸ் நாட் ஒரிஜினல். வைட் மாஸ்டர் டைம், ஹியர் ஒன்லி கார்டன். ஐ ஸ்லீப் நியர் ஸ்டோவ். ஆஃப்டர் தட், நியூ மாஸ்டர் பில்ட். ஃபோர் மீ! ஒன்லி ஃபோர் மீ!"

பின்னால் வந்ததை அகற்றிவிடுவோம் என்று மேடம் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவரைக் கண்டால் ஆகாதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, அதெல்லாம் இப்ப எதுக்கு? பேசாம இருங்க" என்று மெதுவாகச் சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பங்களா விஷயம் பேசுறப்ப லயத்துச் சனம் நடுவுல பேசக்கூடாது."

அதற்கு மேல் நான் என்ன செய்ய? அவரோ மேடத்தைக் கூட்டிக்கொண்டு போய், அறை வருவதற்கு முன்னால் பாத்தி எங்கே இருந்தது, எந்தெந்தக் கீரை போட்டிருந்தார்கள், அங்கே நின்று பார்த்தால் மலையிடுக்கில் எவ்வளவு தூரம் தெரியும் என்று கையை நீட்டி நீட்டி விளக்கினார். மேடத்தின் கண்கள் விரிந்தன. இப்படி ஒரு காட்சியை மறைத்துக்கொண்டு இந்தச் சுவர் நிற்கிறதே என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். மாமாவும் சேர்ந்து வருத்தப்பட்டார்.

அறையை இடிக்கப்போகிறார்கள் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. துரை கட்டிக் கொடுத்ததை யார் இடிப்பார்கள் என்று சிரித்தார். ஆட்கள் கட்டிலை வெளியே தூக்கி வைத்தபோதுதான் முகம் மாறியது. மேடத்திடம் ஓடினார். மேடம் நல்ல மாதிரியாகவே பேசினார். ஒரிஜினல் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றியும் சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு மாமா நின்ற நிலை இருக்கிறதே, அதைப் பார்க்க அம்மா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கொடூரமான நினைப்புதான். ஆனால் நினைத்தேன்.

பண்டாரவளைக்கு என்னோடு வரச் சொன்னேன். பங்களா கண்ணில் படாத ஊருக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் தங்கச்சி வீட்டுக்குத்தான் போனார். அவள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள், அவர் பிறந்த அதே காம்பராவில். "உள்ள எடமில்ல மாமா. புள்ளைங்க படிக்கிதுங்க" என்று சொல்லி, முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கு மறைப்புக் கட்டி அவருக்குப் பாய் போட்டாள். வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். ஆனால் உள்ளே வாங்க என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நானும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

போன மாதம் ஹோட்டலிலிருந்து அழைத்தார்கள். மழைக்கு அரைக்கதவின் கீழ்ப்பாதி ஊதி, சாத்த முடியாமல் பிடிக்கிறதாம். இழைப்புளியோடு போனேன். அறை இருந்த இடத்தில் கீரைப்பாத்தி. அதற்கு அப்பால் மலை இறங்கிப் போகும் காட்சி, மாமா சொன்னது சரிதான், அழகாகவே இருந்தது. இரண்டு வெள்ளைக்காரர்கள் குடை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரும்பு அடுப்பு எரிந்தது. வெலிமடைப் பக்கத்து இளைஞன் ஒருவன் கேக் போட்டிருந்தான். நான் தரையில் உட்கார்ந்து கதவின் விளிம்பை இழைத்து, சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். அப்போது வெளியே இருமல் சத்தம் கேட்டது.

மாமாதான். மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டு, சப்பாத்து இல்லாத கால். லயத்திலிருந்து மேடேறித் தினமும் வருவாராம். "அங்கிள், டீ" என்று அந்த இளைஞன் பிளாஸ்டிக் கப்பைக் கதவுக்கு மேலாக நீட்டினான். மாமா அதை வாங்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாகக் கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினார்.

எட்டவில்லை. குதிகாலை உயர்த்திப் பார்த்தார். விலா கதவில் அழுந்தியது. அவருடைய விரல்கள் என் முகத்துக்கு நேரே வந்து காற்றைப் பிறாண்டின. சுண்டுவிரல் சற்று உள்பக்கமாக வளைந்திருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் வளைந்திருக்கும். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

உடனே திறக்கவில்லை. எனக்கென்ன அவசரம்? அந்தக் கை களைத்துத் தொங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்தேன்.

"உள்ள வாங்க மாமா. அடுப்புக்கிட்ட வந்து நில்லுங்க."

மாமா என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்டது. ஒரு கால் படியில் ஏறியது. குனிந்து தன் காலைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சேறு. பிறகு மெழுகி மினுங்கிக்கொண்டிருந்த சிவப்புத் தரையைப் பார்த்தார். வைத்த காலை மறுபடி மழைக்குள் எடுத்துக்கொண்டார்.

"சேத்துக்கால்டா" என்றார். உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தது. "கதவச் சாத்து. ஊதக்காத்து வருது, கேக் அமுங்கிரும்."

சாத்தினேன்.