பள்ளித் தெருவில் முடியாத வேக அளவெடுப்பு

நகராட்சிச் சாலைப் பிரிவில் வண்டிகளின் வேகத்தை அளக்கும் மனிதருக்கு ‘மீட்டர்’ என்று பெயர் வைத்தது சக ஊழியர்கள். அவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். இவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் கையிலிருந்து ஒரு கோப்புகூட ஒரு நாள் பிந்தியதில்லை. வீட்டில் குழாய் சொட்டினால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிச் சொல்வார். ஆனால் வாஷரை மாற்ற மாட்டார். அது வேறு பிரிவின் வேலை.

அவர் மனைவிக்குத் தொடக்கப் பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் வேலை. ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாலையில் போய் நிற்பார். அந்தத் தெருவில் வேக வரம்பு ஐம்பது. அதை முப்பதாகக் குறைக்கச் சொல்லிப் பெற்றோர்கள் மனுக் கொடுத்தார்கள். பொறியாளர் மனுவை ஓரமாக வைத்துவிட்டு, “முதல்ல அளந்து பாருங்க. சராசரி நாப்பதைத் தாண்டினா குறைப்போம். இல்லேன்னா பைலை மூடிடுவோம்” என்று மீட்டரை அனுப்பினார்.

மீட்டர் விதிப்புத்தகத்தை மீறுகிற ஆளில்லை. சாலையோரம் ஊழியர் உட்கார்ந்து வேலை செய்தால், அவருடைய உயிருக்குப் பாதுகாப்பாக இரு பக்கமும் நூறு மீட்டரில் ‘ஆட்கள் வேலையில். வேகம் 30’ என்று தற்காலிகப் பலகை வைக்க வேண்டும். அதற்கு மனு வேண்டாம், சராசரி வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம். அவர் பலகைகளை நட்டார், மடக்கு நாற்காலியை விரித்தார், கருவியை நீட்டினார். பலகையைப் பார்த்த வண்டிகளெல்லாம் நல்ல பிள்ளையாக ஊர்ந்து போயின.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவர் முகத்தில் நிறைவு வழிந்தது.

“சராசரி இருபத்தெட்டு. அம்பதுல ஒருத்தனும் போகலை. பெத்தவங்க சும்மா பயந்து சாகறாங்க.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். “அந்த முப்பது போர்டை வச்சுக்கிட்டேவா அளந்தீங்க?”

“வைக்காம? எவனாவது என் மேல ஏத்திட்டான்னா?”

“அது சரி. உங்க மேல ஏத்திடக் கூடாது, உடனே போர்டு. ஆறு வயசுப் பிள்ளைன்னா மட்டும் சராசரி பாக்கணும்.”

“விதி அப்படிம்மா.”

“குளிக்க வச்சுட்டு அழுக்கு இருக்கான்னு பாக்கற கூட்டம்!”

மீட்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள்தான் கடைசி நாள். எண்ண வேண்டிய இருநூறு வண்டிகள் சீக்கிரமே முடிந்துவிட்டன. பலகைகளைப் பிடுங்கி வேனில் போட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். பிந்தி வந்த இரண்டு சிறுமிகளைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவி அப்போதுதான் நடுச்சாலைக்கு வந்திருந்தார். பார்சல் வண்டி ஒன்று சீறிக்கொண்டு வந்தது. டயர் கத்தியது. மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வண்டியின் மூக்கு இடித்து வட்டப் பலகை எகிறிப் போய் விழுந்தது. மீட்டருக்குக் கால் நகரவில்லை. பழக்க தோஷம், கண் மட்டும் கருவிக்குப் போயிற்று.

ஓட்டுநர் தலையை நீட்டினார். “நடுரோட்ல நின்னுக்கிட்டு என்னம்மா விளையாட்டு?”

“வர்ற வேகத்துல வாய் வேறயா? இறங்குய்யா கீழ. பலகைய எடுத்துக் குடு!”

ஓட்டுநர் இறங்கி எடுத்துக் கொடுத்தார். மீட்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “அறுபத்து மூணு” என்றார்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் மனைவி. “எனக்குத் தெரியாமப் போயிருக்கும்.”

அன்றைக்கே பொறியாளர் முன்னால் போய் நின்றார் மீட்டர்.

“சார், போர்டு இல்லாம திரும்ப அளக்கணும்.”

“போர்டு இல்லாம உங்கள எப்படி உக்கார விடறது? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“பிள்ளைங்களுக்கு ஆச்சுன்னா சார்?”

“அதுக்குத்தானே அளக்கச் சொன்னேன்? இருபத்தெட்டுன்னு வந்திருக்கே, அழகா! கையெழுத்துப் போடுங்க, மூடிடலாம்.”

மீட்டர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடும். கோப்பு மூடினால் ஐம்பது ஐம்பதாகவே இருக்கும். பேனாவை மூடினார்.

“இன்னும் முடியலை சார். மழை நாள் அளவு எடுக்கலை.”

பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மழை எப்ப வரும்?”

“வரும்போது சார்.”

அன்று மாலையே பலகைகள் தெருவுக்குத் திரும்பின. மழையும் ஒருவழியாகப் பெய்தது. அதற்குப் பிறகு பனி மூட்டத்தில் அளக்க வேண்டியிருந்தது, தேர்வுக் காலத்தில், விடுமுறை முடிந்த முதல் வாரத்தில். அலுவலகத்தில் வேலையை இழுத்தடிப்பவர்களைக் கண்டாலே முகம் சுளித்தவர், இப்போது அந்த வித்தையில் அவர்களுக்கே பாடம் எடுக்கலாம். காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் பலகைகளை நட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டிகள் அவருடைய உயிருக்கு மரியாதை கொடுத்து ஊர்ந்தன. பிள்ளைகள் அந்த மரியாதையில் சாலையைக் கடந்தார்கள்.

இரண்டாம் வருடம் பெற்றோர்களிடமிருந்து இன்னொரு மனு வந்தது. பழைய மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் இதிலும் போட்டிருந்தார்கள்: பள்ளி அருகே யாரோ பலகை வைத்து உட்கார்ந்திருப்பதால் பிள்ளையை இறக்கிவிட்டு வேலைக்குப் போவது தாமதமாகிறது, அந்த ஆளை அப்புறப்படுத்தவும்.

பொறியாளர் அதை மீட்டரிடமே தள்ளினார். “இதுக்கு என்ன சொல்றீங்க?”

மீட்டர் நிதானமாகப் படித்தார். பேனாவைத் திறந்து ஓரத்தில் எழுதினார்: ‘புகாரில் உண்மை உள்ளதா என அளந்து பார்க்க வேண்டும்.’