சுலைகா டீச்சரின் இரண்டு சால் பருத்தி

சென்ற வெள்ளிக்கிழமை நான் முதல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்தது. கடைக்காரரின் அக்கா, எங்கள் சுலைகா டீச்சர், மௌத்தாகிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்த நான் மணி அடித்த பிறகும் எழவில்லை.

அவரிடம் படித்தவர்களுக்கு அந்தப் பருத்தி நினைவிருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் மில் தொழிலாளர் வீட்டார். மீதிப்பேர் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். பருத்தி எங்கிருந்து வருகிறது என்று டீச்சர் வகுப்பில் கேட்டதற்கு ஒரு சிறுமி, லாரியிலிருந்து என்றாள். நான் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. கடைவீதியிலேயே வளர்ந்த தனக்கும் பருத்திப் பூவின் நிறம் தெரியாது என்றார். அன்று சாயங்காலமே, எட்டயபுரம் சாலையில் கரிசல் காடு வைத்திருந்த மாடசாமிக் கோனாரிடம் போய், பிள்ளைகள் விதைக்க இரண்டு உழவுச் சால் இடம் கேட்டு வாங்கிவிட்டார்.

கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளும் அப்படியே விதைத்தார்கள். பத்து நாளாகியும் மழை இல்லை. டீச்சர் வெளியூர் போயிருந்த ஒரு சனிக்கிழமை, வாடிய முகங்களைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் அவர்களைக் குடத்தோடு கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா நான்! முளை வந்தது; வந்த வேகத்தில் வெயிலில் கருகியும் போனது.

கோனார் பள்ளிக்கே வந்துவிட்டார். "ஈரத்தைக் காட்டி விதையை ஏமாத்திப்புட்டீயளே" என்றார். இனி ஒரு பிள்ளையும் காட்டுப்பக்கம் வரக் கூடாது என்றார். நான் வாய் திறக்குமுன், ஊற்றச் சொன்னது தான்தான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வெட்கக்கேடுதான். கோனார் அவரையே சற்று நேரம் பார்த்தார். மறுநாள் புது விதை கொடுத்தனுப்பினார்; பிள்ளைகள் மறுபடியும் புழுதியில் விதைத்தார்கள்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. அது வெறித்து ஒரு வாரம் கழித்துப் போனோம். கால் வைத்தால் சேறு விடாது என்பதால் வண்டிப்பாதையிலேயே நின்றோம். கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த மண், தைத்தது போல மூடியிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை இரட்டை இரட்டையாக இலைகள். அத்தனை பிள்ளைகளும் சத்தமில்லாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். லாரி என்று சொன்ன அந்தச் சிறுமி, இவ்வளவும் அந்தப் புழுதிக்குள்ளா இருந்தது, எப்படி என்று கேட்டாள்.

"எனக்கும் தெரியலை புள்ள. நானும் இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் டீச்சர். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. மண்ணைக் கண்டா, அவரைக் கண்டா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது கோனார் தனியே நின்றிருந்தார். தண்ணீர் ஊற்றியவன் நான்தான் என்று, இத்தனை வருஷம் கழித்து, அவரிடம் சொன்னேன்.

"தெரியும் சார். உங்க செருப்புத் தடம் அங்கன காஞ்சு கெடந்துச்சே. அவிய அதைத் தன் தலையில போட்டுக்கிட்டாவல்லா, அதுக்குத்தான் திரும்ப விதை குடுத்தேன்" என்றார்.

நேற்று வகுப்பில் ஒரு பையன், எறும்பு மழையை எப்படி முன்கூட்டியே அறிகிறது என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு, அவனோடு வெளியே போய்க் குனிந்து பார்த்தேன். டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்.