தாழ்ப்பாளில் ஒரு துண்டு

மேனேஜர் சார், நீங்கள் சொன்னது பொய். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, லைன் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைக் காட்டி, "கோவம் இவரு ரத்தத்துலயே இருக்கு, அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?" என்றீர்கள். நான் கேட்டது ஒன்றுதான். ஷிப்டை வாராவாரம் மாற்றாதீர்கள், உடம்புக்குத் தூக்கம் பழகுவதற்குள் மாறிவிடுகிறது, மாதம் ஒருமுறை மாற்றுங்கள் என்றேன். அதற்கு முந்தின வாரம் நான் ஸ்பேனரை வீசியது உண்மை. யார் மேலும் படவில்லை. என் அப்பா கை நீட்டுகிறவர் என்பதும் உண்மை. ஒருநாள் டீ குடிக்கும்போது நானே உங்களிடம் சொன்னது அது.

படப்பையில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒரு வழக்கம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் தூங்கினால் கதவுத் தாழ்ப்பாளில் துண்டு தொங்கும். அதைப் பார்த்தால் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூடத் தட்டமாட்டார். எங்கள் வீட்டில் துண்டு போடுவது என் மகளின் வேலை. நாலு வயது. எக்கி எக்கிப் போடுவாள்.

போன மாதம் நைட் ஷிப்ட் தொடங்கிய இரண்டாம் நாள். பகல் பதினோரு மணி, தகரக் கூரை கொதிக்கிறது. அவள் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. அவள் முன்னால் என் கை ஓங்கியிருந்தது. அவள் அழவில்லை. கண்ணை இறுக்கி மூடி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றாள். என் அப்பா முன்னால் நானும் அப்படித்தான் நிற்பேன்.

கையை இறக்கிவிட்டேன். என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"அடிச்சிருப்பியா?"

"தெரில."

"அப்பன் மாரியே வந்துட்டன்னு பயந்துக்கினு கீற, அதானே? மொதல்ல கஞ்சி குடி. குடிச்சிட்டுத் தூங்கு. தூங்காதவனாண்ட பேசுனா என்னைத்தான் லூசுன்னுவாங்க."

குடித்தேன். தூக்கம் வரவில்லை. அப்பா ஞாபகம் வந்தது. அவரும் மறைமலை நகரில் ஷிப்ட் வேலைதான். ஒருமுறை ஸ்டிரைக் வந்து பதினைந்து நாள் வீட்டில் இருந்தார். இரவில் தூங்கினார், காலையில் எழுந்து எனக்குத் தலை சீவிவிட்டார். அப்போது ஒருநாள் அவருடைய சோற்றுத் தட்டைக் காலால் தட்டிவிட்டேன். தோளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் என்னையும் தட்டையும் பார்த்தார்.

"இன்னாடா, தட்டு உன்ன இன்னா பண்ணுச்சி?" என்று சிரித்தார். கீழே கிடந்த சோற்றை அவரே அள்ளினார்.

அதே மனுஷன்தான். அதே ரத்தம்தான். அந்தப் பதினைந்து நாளில் ஒருமுறைகூட என்னை அடிக்கவில்லை. ஸ்டிரைக் முடிந்தது, மறுபடி நைட் ஷிப்ட் போனார், அந்த வாரமே அடித்தார்.

இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஓங்கிய கை என்னுடையது. இதே ஷிப்ட் பார்த்துவிட்டுப் பிள்ளை மேல் கை வைக்காதவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள். என் ரத்தத்தில் ஏதோ இருக்கலாம். அன்று சாயங்காலமே மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்று என் மீசையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் இப்போது பகல் ஷிப்ட் முடித்து நான் வருகிற நாளிலும், கம்பெனி பஸ் திரும்பிப் போவதற்குள் துண்டோடு வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

"அப்பா, துண்டு போடணுமா?"

"வேணாம்மா" என்கிறேன். முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மடியில் உட்காருகிறாள். அப்படிப் பார்க்காமல் அவள் உட்கார வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை அதே மைக்கைப் பிடியுங்கள் சார். அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள். கோபம் ரத்தத்திலேயே இருக்கிறவன் என்று தெரிந்தும், வாராவாரம் என் தூக்கத்தை ஏன் பிடுங்குகிறீர்கள்?