கோந்து அக்காவின் வரிசை எண்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அக்காவைக் கோந்து அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பத்தில் ஒட்டிய படம் ஓரத்தில் லேசாகப் பிய்ந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. உடனே இழுப்பறையிலிருந்து கோந்து பாட்டில் வெளியே வந்துவிடும்.

நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சில நேரம் எரிச்சலே வரும். ஆறாம் வகுப்பு விண்ணப்பங்களுக்கு வந்த வரிசையில் எண் போடுவார். முதல் நாற்பது ஏ பிரிவு, அடுத்து பி, சி, கடைசி நாற்பது டி. முன்பிருந்த எழுத்தர் அப்படிச் செய்தார், இவரும் செய்தார். எவ்வளவு பெரிய ஆள் சிபாரிசோடு வந்தாலும் மசிய மாட்டார். "நம்பர்னா நம்பர்தான் சார். பேனாதான் என் கையில இருக்கு, வரிசை என் கையில இல்ல" என்பார். பத்தொன்பது வருடமாக இதே பாட்டு.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கறார் சொந்தத் தங்கையின் தலையிலேயே விழுந்தது. தங்கைக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. விண்ணப்பம் வாங்கும் நேரம் பத்திலிருந்து நான்கு. அந்த நேரத்தில் அவளால் இருந்த இடத்தை விட்டு நகர முடியாது. அக்கா கையிலேயே வீட்டில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தாள். அக்கா வாங்கவில்லை. பெற்றவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், விதியாம். மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசி நாள் மதியம் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் மேல சொருகி வையேன். என் பொண்ணு நல்லா படிக்கிறவன்னு உனக்கே தெரியும்."

"நாளைக்கு நாலு பேர் என் மூஞ்சியில காறித் துப்பவா?"

எண் நூற்று ஐம்பத்தொன்று. டி பிரிவு.

ஆறாவது, ஏழாவது டி பிரிவுகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவள் நான். கழிப்பறையை ஒட்டிய கடைசி இரண்டு அறைகள் அவை. மின்விசிறி கிடையாது. பதினோரு வருடமாக எழுதிக் கேட்டு அலுத்துப்போய், கேட்பதையே விட்டுவிட்டேன்.

அம்மா வேலை முடிந்து வரும்வரை அந்தப் பெண் பெரியம்மாவின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு மாலை நான் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி நோட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

"பத்து கணக்கு இருக்கேடி, அஞ்சோட மூடுற?" என்றார் அக்கா.

"டி-க்கு இது போதும் பெரியம்மா. டீச்சரே சொல்லிட்டாங்க. பத்தும் ஏ பிள்ளைங்களுக்குத்தான்."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சொன்னவள் நான்தான். புழுக்கத்தில் பாதி வகுப்பு தூங்கி வழிந்த ஒரு நாள், "சரி, உங்களுக்கு இது போதும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு நாள் சொன்னது பிறகு வழக்கமாகிவிட்டது. அந்தக் குழந்தை அதில் ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஆண்டு விடுமுறையில் என்னை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். போனால், பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பத்தொன்பதும் தரையில் விரிந்து கிடந்தன. பெற்றோர் தொழில் என்ற பத்தியில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார். ஏ பிரிவில் வங்கி, அலுவலகம், சொந்தக் கடை. டி பிரிவில் மூட்டை தூக்குபவர், வீட்டு வேலை செய்பவர், பேக்கிங். எந்த வருடத்தைப் புரட்டினாலும் அநேகமாக அப்படியே.

"முதல் நாள் காலையில லீவு போட்டுட்டு யாரால வந்து நிக்க முடியும் டீச்சர்? லீவு இருக்கிறவங்களாலதான். நான் ஒருத்தர்கிட்ட ஒரு காப்பி வாங்கிக் குடிச்சதில்ல. ஆனா இத்தனை பிள்ளைங்களையும் இப்படிப் பிரிச்சு ஒட்டினது நான்தானே?"

சொல்லிவிட்டு அழுதார். சமாதானம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை.

பள்ளி திறப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். ஆறாம் வகுப்புக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம் என்று அவர் எப்படியோ ஒப்புக்கொண்டார். அக்கா நகரவில்லை.

"ஏழாவதையும் குலுக்கணும் சார். இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு சிபாரிசோட வந்திருக்கேன்."

"யாருக்கு? உங்க தங்கச்சி பொண்ணுக்கா?"

"அவளும் உண்டு. அவளோட சேத்து நாப்பது பேருக்கு."

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, அக்கா ஒவ்வொன்றாக எடுக்க, நான் எழுதினேன். தங்கை மகளின் சீட்டு வந்தது டி பிரிவுக்கே. அக்காவின் கை அப்படியே நின்றது.

"திரும்ப உள்ள போட்டு எடுங்கக்கா. இங்க நாம ரெண்டு பேருதான்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு முறை முறைத்தார். "எழுதுங்க டீச்சர்."

பட்டியல் ஒட்டிய அன்று அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. ஏ பிரிவிலிருந்து டி-க்கு மாறிய பையனின் அப்பா ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"போன வருஷம் முதல் ஆளா வந்து நின்னேன். என் பையன் டி-யா?"

"ஆமாங்க. டி-ல என்ன குறை? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று அக்கா பேனாவைத் திறந்தார்.

அவர் சொன்னார். நாற்றம், புழுக்கம், வெளிச்சம் போதவில்லை. பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்கினார். மூன்றே வாரத்தில் டி அறைகள் இரண்டுக்கும் மின்விசிறி வந்தது. நான் பதினோரு வருடம் தொண்டை வற்றக் கேட்டதை, இவர்கள் ஒரு தடவை கத்தி வாங்கிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது.

மின்விசிறி ஓடிய முதல் நாள் ஏழாம் வகுப்பு டி பிரிவில் கணக்கு நடத்தினேன். எல்லோரும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள். வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதினேன். பழக்கதோஷம், ஐந்தோடு சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அக்காவின் தங்கை மகள்.

"டீச்சர், மீதி அஞ்சு?"