தலைப்பிள்ளை எந்தச் சபை?

படுக்கையில் விழுந்த பிறகு அப்பாவுக்கு ஒரே ஆசைதான். முன்னோர் கிடக்கும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தன்னையும் வைக்க வேண்டும். கும்பகோணத்தில், மகள் என் வீட்டில் இருந்துகொண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தாத்தா மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர். அப்பா பிறந்ததே அங்கேதான்; ஊர்ச் சபை ஏட்டில் அவர் பெயர் கிடையாது.

"ஒங்க தாத்தா நம்ம சபைதான்னு ஏட்டுல காட்டுங்க" என்றார் ஊர்ச் சபைச் செயலாளர். "துபாய், சிங்கப்பூருன்னு போனவங்க எல்லாம் படுக்க மட்டும் இங்க வர்றாங்க. வாய்ச்சொல்ல நம்பி எப்டிங்க எடம் குடுக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. "காட்டுறேங்க, காட்டாம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே ஞானஸ்நானப் பதிவேட்டோடு உட்கார்ந்தேன். பூச்சி அரித்த தாள், தும்மல் வேறு. சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய், கடைசிப் பக்கம் வரை பார்த்தாயிற்று. தாத்தா இல்லை. மனுஷன் வானத்திலிருந்தா குதித்தார்! அப்பாவிடம் "இன்னும் பாக்கறேன்ப்பா" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அந்தச் சமயம் துபாயிலிருந்து என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். கூட வந்த சம்பந்தியம்மா காபியைக் குடித்துக்கொண்டே, "தலப்பிரசவம் ஒங்க வீட்டுல. ஞானஸ்நானமும் ஒங்க சபையிலேயே குடுத்துடுங்க. பச்சப்புள்ளய எங்க ஊருக்குத் தூக்கிட்டு அலைய வேணாம்" என்றார்.

"அட மண்டு!" என்று கத்திவிட்டேன். சம்பந்தியம்மா முகம் மாறிவிட்டது. "ஐயோ, ஒங்கள இல்லைங்க, என்னைச் சொல்லிக்கிட்டேன்!"

தாத்தா தலைப்பிள்ளை. அவரும் அவர் அம்மாவின் தாய்வீட்டில்தானே பிறந்திருப்பார்? நான் தகப்பன் ஊரையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். அப்பாவிடம் ஓடினேன். "எங்க அப்பாயிக்குப் பொறந்த வீடு நம்ம ஊர்லேருந்து ஆத்துக்கு அக்கரையிலம்மா, திருவிடைமருதூர் பக்கம்" என்றார்.

மறுநாளே போனேன். அந்தச் சபைப் போதகர் பழைய ஏட்டை எடுத்துக்கொடுத்தார். தாத்தா பெயர் இருந்தது. பக்கத்தில், தகப்பன் சபை என்ற இடத்தில், எங்கள் ஊர். அழுகை வந்தது. அந்த மனிதர் முன்னாலேயே அழுதேன்.

நகலைச் செயலாளர் இரண்டு முறை படித்தார். "அப்பாவுக்குச் சரிங்க. கமிட்டியில சொல்லிடறேன். ஆனா ஒங்களுக்குன்னு பின்னால வந்து நிக்காதீங்க. நீங்க வாக்கப்பட்டுப் போன பொண்ணு, இப்ப வேற சபை."

வீட்டுக்கு வந்து நல்ல செய்தியை மட்டும் சொன்னேன். அப்பா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு கேட்டார், "ஒனக்கும் சேத்துக் கேட்டியா?"

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு அங்க எடமில்லையாம்ப்பா."

அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"சட்டைய எடு. கமிட்டிக்கு நானே வர்றேன். தேடிக் கண்டுபுடிச்ச பொண்ணுக்கு எடமில்லன்னா, அங்க எனக்கு மட்டும் என்ன வேல?"